இடியப்பத் தட்டில் பறந்த எண்டர்பிரைஸ்: ஸ்டார் ட்ரெக்கைப் பகிடி பண்ணலாமா?

திருநெல்வேலி நிலவன் எழுதியது:

சென்ற சனிக்கிழமை இரவு யாழ்ப்பாணத்தில் எங்கள் வாசிகசாலையின் வெள்ளைச் சுவரில் பதினான்கு நிமிடப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினோம். 1966 ஆம் ஆண்டு செப்டெம்பர் 8 ஆம் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, மூன்று பருவங்களில் 79 அங்கங்களாக ஓடி, 1969 இல் நிறுத்தப்பட்ட பழைய ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரை யாழ்ப்பாணத் தமிழில் பகிடி பண்ணி நாங்கள் ஐந்து பேர் எடுத்த படம் அது. எண்டர்பிரைஸ் விண்கலத்தின் வட்டமான முன்பகுதிக்கு ஒரு பெரிய இடியப்பத் தட்டு, நடு உடலுக்கு அம்மம்மாவின் மூக்குப்பேணி, பின்னால் நீண்டிருக்கும் இயந்திரங்களுக்கு இரண்டு புட்டுக்குழல். ஒரு குழல் எங்கள் வீட்டுடையது, மற்றது பக்கத்து வீட்டு மாமியிடம் இரவல் வாங்கியது. எல்லாவற்றையும் தங்கூசியில் கட்டிக் கறுத்தப் போர்வைக்கு முன்னால் தொங்கவிட்டு ஒருவன் இழுக்க, மற்றவன் கைத்தொலைபேசியில் எடுத்தான். முதல் நாள் தங்கூசி வெளிச்சத்தில் மின்னிக் காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்த நாள் அதற்குச் சட்டிக் கரி பூசினோம். விண்மேகத்துக்கு நுளம்புத்திரி கொளுத்தினோம்.

கலத்தின் இயந்திர அறையாக ஒரு வெங்காயத் தோட்டத்து இறைப்பு மிசின் கொட்டிலைப் பயன்படுத்தினோம். கப்டன் கேர்க் வேகத்தைக் கூட்டச் சொல்லும்போதெல்லாம் பொறியியலாளர் ஸ்கொட்டி கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்து, "இதற்கு மேல் இழுத்தால் கயிறு அறும் கப்டன், பிறகு நீங்கள்தான் புதுக் கயிறு வாங்கித் தரவேண்டும்" என்பார். ஆட்களை ஒளியாக மாற்றி வேறு கோளுக்கு அனுப்பும் காட்சிக்கு மேலேயிருந்து அரிசிமாவை அரிதட்டால் தூவினோம். கப்டனின் துணை அதிகாரி ஸ்பொக்காக நடித்தவன் தும்மிவிட்டான், அந்தத் தும்மலை வெட்டாமல் வைத்துக்கொண்டோம்.

வந்திருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். ஆனால் நடுவில் பெரியவர் ஒருவர் எழுந்து, கதிரையை ஓசைப்படாமல் மடித்து வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நேசிக்கும் தொடர் ஒன்றைப் பகிடி பண்ணுவது அதைக் குறைத்துப் பேசுவதாகுமா என்பதை இங்குள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

பழைய ஒளிநாடா எழுதியது:

தம்பி நிலவன், கதிரையை மடித்து வைத்தவன் நான்தான். மேலே குறிப்பிட்டதற்கு நன்றி. ஓசைப்படாமல் போனதையாவது கவனித்திருக்கிறீர்.

நான் ஏன் அந்தத் தொடரைப் பற்றி இவ்வளவு பாரமாகக் கதைக்கிறேன் என்பதற்கு ஒரு பழைய கதை சொல்லவேண்டும். 1990 இல் எங்களுக்கு மின்சாரம் நின்றது. பிறகு ஆண்டுக்கணக்கில் ஜாம் போத்தல் விளக்குத்தான். வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் சுற்றி டைனமோவிலிருந்து மின் எடுத்த காலம். அப்போது கொக்குவிலில் எங்கள் வளவில் மாதத்துக்கு ஒரு தடவை தொலைக்காட்சிப் பெட்டி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து அயலவர்கள் காசு சேர்த்துப் படம் பார்ப்பார்கள். ஜெனரேற்றரைச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்துப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். இரண்டு தமிழ்ப் படங்கள் முடிந்து, விடியப்புறம் எல்லோரும் பாயில் சரிந்த பிறகுதான் என்னுடைய முறை வரும். பொருளாதாரத் தடைக்கு முந்திய காலத்தில் லண்டனிலிருந்து மாமா அனுப்பிய நான்கு ஒளிநாடாக்கள் என்னிடம் இருந்தன. அடியில் எஞ்சிய எண்ணெய் ஓர் அங்கத்துக்குத்தான் காணும்.

அந்த ஐம்பது நிமிடத்தில் நான் கண்டது என்ன? ஒரு கலத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஆபிரிக்க வம்சத்துப் பெண் தொடர்பாடலுக்குப் பொறுப்பாக இருக்கிறாள், ஆசிய வம்சத்தவன் ஒருவன் கலத்தைச் செலுத்துகிறான், இரண்டாம் பருவத்திலிருந்து ரஷ்யன் ஒருவனும் பக்கத்தில் இருக்கிறான். அமெரிக்காவும் சோவியத்தும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த 1967 இல் அப்படி எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொடர்பாடல் அதிகாரி உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் விலகப் பார்த்தபோது மார்ட்டின் லூதர் கிங்கே அவரைத் தொடரும்படி கேட்டுக்கொண்டதாக அவர் பலதடவை சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊருக்குப் போய் உயிரோடு திரும்புவதே ஒரு பெரிய பயணமாக இருந்த காலத்தில், மனிதர்கள் தங்களுக்குள் சண்டையை முடித்துவிட்டு நட்சத்திரங்களுக்குப் போகும் கதையை நான் பகிடியாகப் பார்க்கவில்லை. அதைத்தான் இடியப்பத் தட்டில் கட்டித் தொங்கவிட்டீர்கள்.

கொடிகாமத்தாள் எழுதியது:

அண்ணா, உங்கள் ஜெனரேற்றர் கதையை இரண்டு தடவை வாசித்தேன். என்றாலும் இடியப்பத் தட்டில் எனக்குக் குறை தெரியவில்லை. அதற்குக் காரணம், அந்தத் தொடரே குசினிச் சாமானில் பிறந்த தொடர்.

முதன்முதலில் ஒளிபரப்பான அங்கத்தில் உப்பை உண்டு வாழும் ஒரு விநோதப் பிராணி வருகிறது. அதற்காக எதிர்கால மாதிரியில் உப்புக் குப்பிகள் தேவை என்று சொல்லிக் கடையில் புதுமையான வடிவங்களில் சிலவற்றை வாங்கினார்கள். கொண்டுவந்து பார்த்தபோது அவை அளவுக்கு மீறிப் புதுமையாக இருந்ததால், பார்ப்பவர்களுக்கு உப்புக் குப்பி என்றே விளங்காது என்ற பயம் வந்துவிட்டது. ஆகவே படத்தில் சாதாரண உப்புக் குப்பியை வைத்துவிட்டு, வாங்கியவற்றை வைத்தியர் மக்கோயின் சத்திரசிகிச்சைக் கருவிகளாக்கிவிட்டார்கள். அந்த மனிதர் எத்தனை உயிர்களை உப்புக் குப்பியால் காப்பாற்றினார் என்று எண்ணிப் பாருங்கள்! ஆட்களை ஒளியாக்கி அனுப்பும் இயந்திரம் பிறந்ததும் இப்படித்தான்: ஒவ்வொரு கிழமையும் பெரிய கலத்தைக் கோளில் இறக்கிக் காட்டக் காசு காணாது என்பதால், இறங்காமலே இறங்கும் வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மினுமினுப்புக்குக் கறுத்தப் பின்னணியில் அலுமினியத் தூளைக் கொட்டிப் படம் பிடித்தார்கள். நிலவன் கூட்டம் அரிசிமாவைக் கொட்டியது, அவ்வளவுதான் வித்தியாசம். அலுமினியத் தூளுக்கு ஸ்பொக் தும்மவில்லை என்பது வேறு கதை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். படத்தில் வைத்தியர், "நான் வைத்தியன், மேசன் அல்ல" என்று சொல்லும்போது முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியை ஒருவர், பெடியள் நல்லாய்ச் சோடித்திருக்கிறார்கள் என்று மெச்சினார். அது சோடித்ததே இல்லை. 1967 இல் வந்த அங்கமொன்றில், காயப்பட்ட கல்லுப் பிராணிக்கு மருந்து போடச் சொன்னபோது மக்கோய் சொன்ன பதிலின் நேரான தமிழ் அது. அவர் கடைசியில் கொங்கிறீற் குழைத்துத்தான் அதைச் சுகப்படுத்துகிறார். மூலம் எது, பகிடி எது என்று பிரிக்க முடியாத இடங்கள் அந்தத் தொடரில் நிறையவே உண்டு. அதே 1967 டிசெம்பரில் வந்த ட்ரிபிள் அங்கத்தை நினைத்துப் பாருங்கள்: உரோமப் பந்து போன்ற சிறு பிராணிகள் பெருகிப் பெருகித் தானியக் களஞ்சியத்தை நிரப்பி, கப்டனின் தலையில் கொட்டுகின்றன. தன்னைத்தானே சிரிக்கத் தெரிந்த தொடர் அண்ணா அது.

பனிக்காட்டான் எழுதியது:

ஒஸ்லோவிலிருந்து எழுதுகிறேன், பிறந்தது உரும்பிராய். குசினிச் சாமான் என்றவுடன் நினைவு வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டார் வோர்ஸ் முதல் படம் வந்தது 1977 இல். அடுத்த ஆண்டே எர்னி பொசேலியஸ் என்பவர் ஏறத்தாழ 8000 டொலர் செலவில் பதின்மூன்று நிமிடப் பகிடிப் படம் ஒன்றை எடுத்தார். அதில் விண்கலங்களாகப் பறந்தவை துணி அழுத்தும் மின்னழுத்திகளும் பாண் வாட்டும் பெட்டிகளும். நூல் தெரிந்ததா என்றெல்லாம் அவர் கவலைப்படவில்லை. ஸ்டார் வோர்ஸை உருவாக்கிய ஜோர்ஜ் லூகாஸே இரசிகர்களின் படங்களில் தமக்குப் பிடித்தது அதுதான் என்று பிற்காலத்தில் சொன்னார்.

ஆனால் நிலவன் தம்பி அறியவேண்டியது அயல்நாடான பின்லாந்தின் கதை. தம்பேரே நகரத்து இளைஞர் சிலர் 1990களின் தொடக்கத்தில் கணினியில் சின்னச் சின்ன அசைபடங்களாக ஸ்டார் ட்ரெக் பகிடி செய்யத் தொடங்கினார்கள். கேர்க் அங்கே பிர்க் ஆனார். பிறகு நடிகர்களை வைத்து முழுநீளப் படமொன்றை ஏழு ஆண்டுகள் செலவிட்டு எடுத்து, 2005 இல் யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம் என்று இணையத்தில் விட்டார்கள். கட்டுப்பாட்டு அறையெல்லாம் ஒரு சிறிய தொடர்மாடி வீட்டுக்குள் நீலத்துணிக்கு முன்னால் எடுத்தவை. பின்னிஷ் பேசுவோர் ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேல்தான். ஆனாலும் அவர்கள் தங்கள் மொழியிலேயே பேசினார்கள், தங்கள் ஊர்ச் சோம்பலையும் சிடுசிடுப்பையும் கப்டனுக்குக் கொடுத்தார்கள், பிறமொழிக்காரர் துணையெழுத்தோடு பார்த்தார்கள்.

நான் அதை முதலில் பார்த்தபோது சிரிப்பைவிடப் பொறாமைதான் வந்தது. விண்வெளியில் ஒருவன் பின்னிஷில் திட்ட முடியுமென்றால் தமிழில் ஏன் திட்ட முடியாது என்று தோன்றியது. ஆகவே பழைய ஒளிநாடா அண்ணா, என் கண்ணுக்குத் தட்டைக் கட்டித் தொங்கவிட்டவர்கள் உங்கள் கலத்தைக் கீழே இறக்கவில்லை. நீங்கள் லண்டன் ஒளிநாடாவில் பார்த்த கலத்துக்குள் தாங்களும் ஏறப் பார்த்திருக்கிறார்கள்.

(சட்டம் பற்றி ஒருவர் எனக்குத் தனியாகக் கேட்டிருந்தார். உரிமையாளர்கள் 2016 ஜூனில் இரசிகர் படங்களுக்கு விதிகள் வெளியிட்டார்கள்: ஒரு கதை பதினைந்து நிமிடத்துக்குள் இருக்கவேண்டும், இரண்டு பகுதியென்றால் மொத்தம் முப்பது நிமிடம், வியாபாரம் கூடாது, இப்படிப் பல. உங்கள் பதினான்கு நிமிடம் தற்செயலாகத் தப்பியிருக்கிறது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் வைக்கிறது. வாசிகசாலைச் சுவருக்கு இது போதும்.)

தளை தட்டாதவன் எழுதியது:

இந்தத் தலைப்பில் தொல்காப்பியரை இழுக்காமல் இருப்பது எனக்கு இயலாத காரியம். செய்யுளியலில் அங்கதம் இரண்டு வகை: வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். நீங்கள் எல்லோரும் பேசுவது இரண்டிலும் அடங்காத மூன்றாவது வகை என்பது என் எண்ணம், ஏனென்றால் இங்கே பழிக்கும் நோக்கமே இல்லை. மூலத்தின் நடை, மிடுக்கு, அதன் வழக்கமான தடுமாற்றம் எல்லாவற்றையும் நெட்டுருப் பண்ணினவன்தான் அதைச் சற்றே சரித்து வைக்க முடியும். வெண்பா தெரியாதவன் வெண்பாவைப் பகிடி பண்ண முடியாது. பரிசோதனைக்காக ஒன்று கட்டிப் பார்த்தேன். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கப்டனோடு புதுக்கோளுக்கு இறங்கும் பெயரில்லாத சிப்பந்தி, விளம்பர இடைவேளைக்கு முன்னரே செத்துப்போவான் என்பது இரசிகர்களின் நெடுநாள் பகிடி அல்லவா?

செஞ்சட்டை போட்டுச் சிறுகோளில் கால்வைத்தான்
எஞ்சாமல் போனான் இவன்.

தளை பார்த்துவிட்டேன், தட்டவில்லை. எதுகையும் மோனையும் உண்டு.

ஆனால் படத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை. விளிச்சொற்களைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்தான். நமக்கு மூன்று உண்டு, அதிலும் யாழ்ப்பாணத்து 'நீர்' ஒரு பெரிய சொத்து. கப்டன் ஸ்பொக்கை 'நீர்' என்றுதான் சொல்லவேண்டும்: மரியாதையும் உண்டு, உரிமையும் உண்டு, சற்றுத் தூரமும் உண்டு. ஸ்பொக் எவருக்கும் 'நீங்கள்' என்பார், பகைவனுக்கும் கூட. மக்கோய் அமைதியாக இருக்கும்போது ஸ்பொக்கை 'நீர்' என்று தொடங்கி, கோபம் ஏற ஏற 'நீ' என்று இறங்கி, கடைசியில் 'டேய்' என்று முடிக்கலாம். இந்த ஓர் இறக்கத்திலேயே பாதிப் பகிடி தானாக விழுந்துவிடும். படத்தில் எல்லோரும் எல்லோரையும் 'நீங்கள்' என்கிறார்கள். வங்கியில் வரிசையில் நிற்பதுபோல் இருந்தது.

திருநெல்வேலி நிலவன் எழுதியது:

ஐயா, 'நீர்' விடயத்தில் தவறு என்னுடையது. குரல் பதியும்போது எல்லோரும் கொஞ்சம் பயந்துவிட்டோம். குறளை அடுத்த படத்தின் முதல் சட்டகத்தில் போடுவதற்கு உங்கள் அனுமதியை இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஒளிநாடா ஐயாவிடம் ஒன்று கேட்கவேண்டும். கொடிகாமத்தாள் அக்கா சொன்ன உப்புக் குப்பிக் கதை உங்களுக்கு முதலே தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நீங்கள் எழுந்தது இடியப்பத் தட்டு வந்தபோதும் அல்ல, ஸ்பொக் தும்மியபோதும் அல்ல. அந்த இரண்டு இடத்திலும் நீங்கள் சிரித்ததை எங்கள் ஒளிப்பதிவாளன் பார்த்திருக்கிறான். எட்டாவது நிமிடத்துக்குப் பிறகுதான் எழுந்தீர்கள். அங்கே வருவது எந்தக் காட்சி என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கத் தயங்குகிறேன்.

பழைய ஒளிநாடா எழுதியது:

கெட்டிக்காரப் பெடியன்தான் உங்கள் ஒளிப்பதிவாளன்.

எட்டாவது நிமிடத்தில் சாரம் உடுத்த ஒரு வயசாளி வருகிறார். முற்றத்தில் அன்ரெனாவைத் திருப்பிக்கொண்டு, கண்கலங்கி, எண்டர்பிரைஸ் வரும் வரும் என்று வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார். பேரப்பிள்ளைகள் அவருக்குப் பின்னால் நின்று பழிக்கிறார்கள். சனம் கூடுதலாகச் சிரித்த இடம் அதுதான். என்னைப் பார்த்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். என்னை உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தச் சாரம், அந்தக் கண்ணீர், அந்த முற்றம் எல்லாம் எனக்கு மிகவும் பழக்கமாக இருந்தன. முதற்பதிவில் தொடரின் மானத்தைப் பற்றி நீளமாக எழுதினேன். உண்மையில் சுட்டது என் மானம்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1986 டிசெம்பரில் அமெரிக்காவின் சனி இரவு நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் கேர்க்காக நடித்த வில்லியம் ஷட்னரே தோன்றி, மாநாட்டுக்கு வந்த இரசிகர்களைப் பார்த்து, போய் ஒரு வாழ்க்கையைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சத்தமிடுவார். எழுதியது பகிடிக்குத்தான். மாமா லண்டனிலிருந்து கடிதத்தில் அதைப் பற்றி எழுதியிருந்தார். தமக்குச் சிரிப்பு வந்ததாகவும், சிரித்து முடித்த பிறகு தம்முடைய ஒளிநாடா அலுமாரியைப் பூட்டிவிட்டதாகவும் எழுதினார். மாமாவின் அலுமாரி பூட்டப்பட்டதால்தான் அந்த நான்கு நாடாவும் எனக்கு வந்தன என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கணக்குச் சரிவராது.

கொடிகாமத்தாள் எழுதியது:

இப்போதுதான் நாங்கள் பேசவேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம். முதலில் நான் கலத்தைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தேன், அண்ணாவின் மனக்குறை வேறெங்கோ இருந்திருக்கிறது.

பகிடியில் நான் முதலில் பார்ப்பது சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்பதைத்தான். நம்முடைய ஊரிலேயே 19 ஆம் நூற்றாண்டில் நட்டுவச் சுப்பையனார் கனகி புராணம் பாடினார். புராணத்தின் நடையை அப்படியே எடுத்து, வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் தேவதாசி ஒருத்தியைத் தலைவியாக்கினார். தளை தட்டாதவன் சொன்னபடி, புராணத்தைக் கரைத்துக் குடித்தவரால்தான் அதைச் செய்ய முடியும். அவளிடம் போன பெரிய மனிதர்களும் அதில் அகப்பட்டார்கள் என்று நாம் மகிழலாம். ஆனால் நூலுக்குப் பெயர் அவள் பெயர்தான்; இன்றைக்கும் அவளைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு மாறாக, சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழை நடத்திய சுந்தர் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரங்களான சவாரித் தம்பரையும் சின்னக்குட்டியையும் பாருங்கள். அவர் யாழ்ப்பாணத்தானின் ஒவ்வொரு குணத்தையும் கீறிக் காட்டினார், ஆனால் யாழ்ப்பாணத்தானாகவே நின்று கீறினார். எங்கள் ஐயா தம்மைப்போல் ஒரு படம் வந்தால் அதை வெட்டி வைத்துக்கொள்வார்.

உள்ளே இருந்து எறிந்த கல்லும் சிலவேளை வெளியே போய்க் காயப்படுத்தும் என்பதற்கு ஸ்டார் ட்ரெக்கிலேயே சான்று உண்டு. 1973 இல் போலா ஸ்மித் என்ற இரசிகை, இரசிகர்கள் எழுதிய கதைகளைப் பகிடி பண்ணி ஒரு பக்கக் கதை எழுதினார். பதினைந்தரை வயதில் படையின் மிக இளைய அதிகாரியாகி, எல்லோராலும் காதலிக்கப்பட்டு, கலத்தையே காப்பாற்றிச் செத்துப்போகும் மேரி சூ என்ற பெண்ணைப் பற்றியது. அந்தக் கதைகளை ஆசையோடு வாசித்து, அவற்றின் அபத்தத்தையும் கண்டவர் எழுதியது என்பதால் அது உள்வீட்டுப் பகிடி. ஆனால் பெயர் வெளியே போய், பிற்காலத்தில் கெட்டிக்காரப் பெண் பாத்திரம் எது வந்தாலும் அதன்மேல் ஒட்டும் வசைச்சொல்லாகிவிட்டது.

நிலவன் கூட்டத்தின் சாரக்காரரும் இப்படித்தான். எழுதியவர்கள் இரசிகர்கள். சுவரில் விழுந்தபோது பார்த்தவர்களில் பலருக்குத் தொடரே தெரியாது. அவர்களுக்கு அது பைத்தியக்காரக் கிழவரின் படமாகப் போய்விட்டது.

பனிக்காட்டான் எழுதியது:

இதைச் சரியாகச் செய்த படமொன்று உண்டு என்பதால் குறுக்கிடுகிறேன். 1999 இல் வந்த கலக்ஸி குவெஸ்ட் பெயர் மாற்றிச் செய்த ஸ்டார் ட்ரெக் பகிடிதான். பழைய விண்வெளித் தொடரொன்றின் நடிகர்களை உண்மையான வீரர்கள் என்று நம்பி வேற்றுக்கோள்வாசிகள் கூட்டிக்கொண்டு போகிறார்கள். தொடக்கத்தில் கப்டனாக நடித்தவர், கலத்தின் அமைப்பைப் பற்றி நுணுக்கமாகக் கேள்வி கேட்கும் பெடியன் ஒருவனை, இதெல்லாம் வெறும் கதை என்று கூட்டத்தின் நடுவில் வைத்துத் திட்டிவிடுவார். பிறகு உண்மையான கலத்துக்குள் வழி தெரியாமல் சிக்கியபோது, அந்தப் பெடியனுக்குத்தான் தொடர்பெடுத்து வழி கேட்பார். அந்தக் கலத்தின் ஒவ்வொரு நடைபாதையும் அறிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் படம் முழுவதும் சிரிப்புக்கிடமானவனாகவே இருக்கிறான், அதிலே குறைவில்லை. ஆனால் அவனில்லாமல் கதை முடியாது. 2013 இல் லாஸ் வேகாஸ் மாநாட்டில் ஸ்டார் ட்ரெக் படங்களை இரசிகர்கள் வரிசைப்படுத்தியபோது, வேறு நிறுவனத்தின் இந்தப் பகிடிப் படத்தையும் சேர்த்து ஏழாவது இடம் கொடுத்தார்கள். கடைசி இடம் உண்மையான ஸ்டார் ட்ரெக் படம் ஒன்றுக்குத்தான்.

திருநெல்வேலி நிலவன் எழுதியது:

ஐயா, அந்தச் சாரக்காரரை நான் எழுதியது என்னுடைய சித்தப்பாவை நினைத்து. அவர் அப்படித்தான் அன்ரெனா திருப்புவார். 2009 க்குப் பிறகு நான் முதன்முதலில் இந்தத் தொடரைப் பார்த்ததே அவருடைய மடிக்கணினியில்தான். அவர் வெளிநாடு போய்விட்டதால் படத்தில் அவரை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதை எழுதத் தெரியவில்லை. சனம் சிரிக்கவேண்டும் என்று பேரப்பிள்ளைகளைச் சேர்த்தது பிறகு வந்த யோசனை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்சியை மறுபடி எடுக்கப்போகிறோம். இறைப்பு மிசின் நின்றுபோகும்போது ஸ்கொட்டியால் இயலாமல், சாரக்காரரைக் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து ஒரே இழுவையில் மிசினை உயிர்ப்பிக்கிறார், கலம் தப்புகிறது. இது சரிவருமா?

கொடிகாமத்தாள் எழுதியது:

தம்பி, அவரைத் தெய்வமாக்கினால் சனம் கைதட்டும், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். பரிகாரம் செய்வதற்காகப் படம் எடுக்காதீர்.

பழைய ஒளிநாடா எழுதியது:

பிள்ளை சொல்வது சரி. ஒரே இழுவையில் எந்த மிசினும் உயிர்க்காது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு, நான் எத்தனை இழுத்திருப்பேன்.

நான் மேலே சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். 1991 இல் ஒருநாள் விடியப்புறம் நான் அந்த நாடாவைப் போட்டுக்கொண்டிருக்க, எண்ணெய் அடியில் வற்றி ஜெனரேற்றர் தடுமாறத் தொடங்கியது. படம் நாலு பக்கத்தாலும் சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அளவுக்கு வந்தது. திரையில் ஸ்கொட்டி, கலம் தாங்காது என்று கப்டனுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். வேலிப்பக்கம் ஜெனரேற்றரோடு காவலிருந்த என் தம்பி அதே தாளத்தில், "கப்டன், எண்ணெய் முடிஞ்சுது, ஆரும் ஒரு போத்தல் தந்தால் பறக்கலாம்" என்று கத்தினான். பாயில் கிடந்த அவ்வளவு சனமும் எழும்பிச் சிரித்தது. அந்தத் தொடரை ஒருநாளும் பாராத எங்கள் ஆச்சியும் சிரித்தா. மூன்றாவது வீட்டிலிருந்து ஒருவர் உண்மையாகவே அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவந்து தந்தார். அவரும் அதன் பிறகு நின்று பார்த்தார்.

ஆகவே சாரக்காரர் வரட்டும். ஐந்து தடவை இழுத்து, ஐந்தாவது தடவை பின்னால் வாய்க்காலுக்குள் விழட்டும். பிறகுதான் தொட்டியைத் திறந்து பார்த்து எண்ணெய் இல்லை என்று கண்டுபிடிக்கவேண்டும். ஆள் தேவையென்றால் நானே வருகிறேன், சாரமும் என்னிடம் உண்டு. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இருக்கக்கூடாது, எனக்குச் சளி.

தளை தட்டாதவன் எழுதியது:

குறளுக்கு அனுமதி உண்டு. 'இவன்' என்பதை 'அவன்' என்று மாற்றாதீர்கள், மோனை போய்விடும்.

திருநெல்வேலி நிலவன் எழுதியது:

ஐயா, ஞாயிறு காலை ஆறரைக்குத் தோட்டத்தடிக்கு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். வாய்க்காலைக் கணுக்கால் அளவுக்கு மறித்து வைக்கிறேன். போகும் வரும் வழியில் யாரிடமாவது ஒரு புட்டுக்குழல் இரவல் கிடைக்குமா என்று பார்க்கவேண்டும். மாமி தன்னுடையதை வெள்ளிக்கிழமை கேட்டு வந்து, அதன் வாயில் கரியைக் கண்டு, எண்டர்பிரைஸின் இடப்பக்க இயந்திரத்தை அந்த இடத்திலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார்.